ப்ளே-ஆஃபில் கோவாவிடம் தோற்ற சென்னையின் எஃப்சி: எங்கே ஓட்டை?

"2023-24 ஐஎஸ்எல் கால்பந்து ப்ளே-ஆஃபில் கோவாவிடம் 2-1 என்று தோற்ற சென்னையின் எஃப்சி அணியின் பெரிய பலவீனம் எது? கோல் போட ஆள் இல்லாததுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. முந்தின நாள்தான் ஓட்டுப் போட்டிருந்தோம், விரலில் மை அப்படியே இருந்தது. சேலம் ஐந்து ரோடு பக்கம் நண்பனுடைய மொபைல் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். கடை டிவியில் ஐபிஎல் ஓடியது. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் ஆடுகிற ஆட்டம், சேலத்தில் யார் அதை மாற்றச் சொல்வது? நானும் இன்னொருத்தனும் மட்டும் கல்லா மேசையில் தண்ணீர் பாட்டிலுக்குச் சாய்த்து வைத்த போனில் ஃபுட்பால் பார்த்தோம்.

36-ஆவது நிமிடம் நோவா சதாவி. 45-இல் பிராண்டன் பெர்னாண்டஸ். இடைவேளைக்கு முன்பே லாசர் சிர்கோவிச் ஒன்றைத் திருப்பிப் போட்டார். அவர் ஸ்டாப்பர், அதாவது டிஃபென்ஸின் நடுவில் நிற்கிற தடுப்பு ஆட்டக்காரர், என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது பாதி முழுக்க ஒரு கோல், ஒரே ஒரு கோல் வந்துவிடாதா என்று அந்தச் சின்னத் திரையை முறைத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. ஒரே ஆட்டத்தில் முடிவு தெரிகிற நாக்-அவுட், அவ்வளவுதான், சீசன் முடிந்தது.

அன்று ராத்திரி நான் சொன்னதும் இதுதான்: "வால்ஸ்கிஸ் மாதிரி ஒருத்தன் இருந்தா ஜெயிச்சிருப்போம்டா." 2019-20 சீசனில் அவர் 15 கோல் போட்டு அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். 2023-24-இல் இரட்டை இலக்கத்தைத் தொட்டவர் நம் அணியில் ஒருவர்கூட இல்லை. அதனால் அந்தப் பேச்சு சரி என்றே பட்டது.

ஆனால் அடுத்த சீசனுக்கு பஞ்சாபிலிருந்து வில்மார் ஜோர்டான் கில் வந்தார். கோல் அடிக்கத் தெரிந்த முழு ஸ்ட்ரைக்கர். நாம் கேட்ட ஆள் கிடைத்துவிட்டார். பயிற்சியாளரும் அதே ஓவன் காயில்தான். அணி எங்கே முடித்தது? 11-ஆம் இடம். ப்ளே-ஆஃப் பக்கமே போகவில்லை. அதற்கு அப்புறம்தான் பழைய ஆட்டங்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

என் கணக்கில் ஓட்டை இருந்தது டிஃபென்ஸுக்கு முன்னால், நடுக்களத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த இருபது அடி இடத்தில். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களுக்குத்தான் அனுமதி. அந்த நான்கை நாம் பெரும்பாலும் ரயான் எட்வர்ட்ஸ், சிர்கோவிச் என்று பின்னால் இரண்டு பேருக்கும், கிரிவெல்லாரோ, ஷீல்ட்ஸ், மர்ரே என்று முன்னால் மாறி மாறி ஆடுகிறவர்களுக்கும் செலவழித்தோம். நடுவில் பந்தைப் பிடுங்கி ஆட்டத்தை நிதானப்படுத்துகிற வேலை ஜிதேஷ்வர் மாதிரி இளைஞர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் ஓடிய ஓட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்துக்கு வேண்டியது கால் வேகம் மட்டும் இல்லை, எப்போது ஓடக் கூடாது என்ற அனுபவம்.

இது எப்படி நடக்கும் என்று கேட்டால், நேரில் பார்த்ததையே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்களோடு ஆடுவேன். சில நாள் பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டிலேயே ஆடிவிட்டு வருவோம். போன மாதம் அப்படி ஒரு ஆட்டத்தில் எங்கள் ரைட் பேக், வலது பக்க டிஃபென்ஸ் ஆடுகிறவன், பந்தோடு மேலே ஏறினான். டிஃபென்ஸுக்கு முன்னால் ஹாஃப் ஆடுகிறவன் அவன் விட்ட இடத்தை மூட வேண்டும், ஆனால் அவனும் பந்தைப் பார்த்துக்கொண்டே நாலு அடி முன்னால் போய்விட்டான். பாஸ் தப்பியது. எதிர் அணிக்காரன் யாரும் இல்லாத அந்த இடத்தில் பந்தை வாங்கி, நின்று, நிமிர்ந்து பார்த்து, அப்புறம்தான் அடித்தான். நிமிர்ந்து பார்க்க அவனுக்கு நேரம் கிடைத்ததே, அங்கேதான் கோல் விழுந்தது. கீப்பர் பையன் ஸ்டாப்பரைத் திட்டினான், ஸ்டாப்பர் கீப்பரைத் திட்டினான். ஹாஃபை யாரும் எதுவும் சொல்லவில்லை. டிவியில் பார்க்கும்போது நாமும் இதைத்தான் செய்கிறோம்.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் இறுதிப் போட்டி, 9-ஆவது நிமிடத்திலேயே எதிரணி பெங்களூருவின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். 17-இல் நம்ம மைல்சன் ஆல்வ்ஸ் கார்னரில் தலையால் முட்டினார், 45-இல் மறுபடியும் ஒன்று, 67-இல் ரஃபேல் அகஸ்டோ. 3-2 என்று கோப்பை வந்தது. எல்லாருக்கும் மைல்சனின் தலைதான் ஞாபகம். எனக்கு வியாசர்பாடி தனபால் கணேஷ்தான் ஞாபகம். அந்த சீசன் முழுக்க டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று அந்த இடத்தைக் காவல் காத்தவர் அவர். அடுத்த சீசனில் முழங்கால் காயம், அவர் இல்லை. நடப்புச் சாம்பியன் கடைசி இடத்தில் முடித்தது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு கோளாறுகளும் இருந்தன. ஆனால் அந்த இடம் காலியானதும் வீடே ஒழுகியது என்பது கண்ணால் பார்த்தது.

இன்னொன்று. கோவாவிடம் தோற்றதும் "இவனுங்களுக்கு மன தைரியம் இல்லை" என்று நிறையப் பேர் எழுதினார்கள். அதை ஏற்கவே முடியாது. 2023-24 சீசனில் லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டு வென்ற மோகன் பகானை கொல்கத்தாவிலேயே 3-2 என்று சாய்த்தது இதே அணிதான், கடைசி நேரத்தில் இர்ஃபான் யாத்வாட் போட்ட கோலில். சென்னையில் நார்த்ஈஸ்ட்டை வென்றதும் அங்கித் முகர்ஜியின் கடைசி நேரக் கோலில்தான். தைரியம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கடைசி நிமிடத்து தைரியத்தை நம்பி இருக்கும்படி ஆனதுதான் பிரச்சினை. 22 லீக் ஆட்டத்தில் 11 தோல்வி, சரிபாதி. ஆறாம் இடம் என்றால் கோவாவின் ஃபடோர்டாவில் போய் ஆட வேண்டும், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால். அதே மைதானத்தில் ஆறு நாள் முன்னால் 4-1 என்று வாங்கியிருந்தோம். இன்னும் இரண்டு மூன்று ஆட்டத்தில் முன்னிலையைக் காப்பாற்றியிருந்தால் நிலைமையே வேறு.

ஆட்டம் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் டிவியில் நடராஜன் பந்து போட வந்தார். நாலு விக்கெட் எடுத்தார், கடையே எழுந்து கத்தியது, நாங்களும் எழுந்து நின்று கை தட்டினோம். தொண்டை அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் பையன்களில் இப்போது அந்த இடத்தில் ஒன்பதாவது படிக்கும் ஒருவனை நிறுத்தியிருக்கிறேன். "அண்ணா, நானும் மேல ஏறி ஒரு கோல் போடட்டுமா?" என்று வாரா வாரம் கேட்கிறான். போன ஞாயிறு எதிர் அணி நாலு தடவை நடுவில் புகுந்தது, நாலு தடவையும் பந்து அவன் காலில்தான் நின்றது.