தொழில் ஐடியாவை மட்டும் கொடுத்துப் பாதிப் பங்கு கேட்கலாமா?

கேள்வி இதுதான்: கையில் நல்ல தொழில் ஐடியா இருக்கிறது, முதல் இல்லை. முதல் போடுகிற ஒருவரிடம் ஐடியாவைச் சொல்லிப் பாதிப் பங்கு கேட்கலாமா? சொன்னதும் அவரே தனியாகச் செய்துவிட்டால் என்ன செய்வது?

கேட்கலாம். ஆனால் தொழில் செய்து பழகியவர் யாரும் ஐடியாவுக்கு மட்டும் பாதி தரமாட்டார். தராமல் இருப்பதுதான் நியாயம் என்பது என் எண்ணம். சேலத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உணவுப் பொருள் தயாரிக்கிறவர்களுக்கு மெஷின் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. புது ஐடியாவோடு வருகிறவர்கள் பலர் முதலில் எங்களைப் போன்ற பட்டறைகளுக்குத்தான் வருவார்கள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பழக்கம்.

எங்கள் ஊர் ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அது மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரில் வரத்து நின்றுபோனது. இங்கேயே செய்தால் விற்கும் என்று அன்றைக்கு மளிகைக் கடை வைத்திருந்த யாருக்கும் தோன்றியிருக்கும். 1943-இல் மாணிக்கம் செட்டியார் என்ற சேலத்து வியாபாரி, மீன் வியாபாரத்துக்காகக் கேரளா போய் வந்தபோது, பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுக்கும் விதம் ஷாவுக்குத் தெரியும். அங்கிருந்துதான் சேலத்து ஜவ்வரிசி ஆரம்பம். ஐடியா என்று பார்த்தால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை, மலேயாவில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த தொழில்தான்.

வேலை எங்கே இருந்தது என்று பாருங்கள். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும், அதனால் விளைந்த தோட்டத்திலிருந்து நேராக ஆலைக்கு வந்தாக வேண்டும். தோல் நீக்கி, கழுவி, அரைத்து, மாவுப்பாலை வடிகட்டித் தொட்டியில் மணிக்கணக்கில் தெளியவிட வேண்டும். தண்ணீர் சரியில்லை என்றால் மாவின் வெண்மை போய்விடும். அடியில் படிந்த ஈரமாவை உதிர்த்துத் துணியில் போட்டுக் குலுக்கினால்தான் உருண்டை பிடிக்கும். ஈரம் கூடினால் கட்டி தட்டும், குறைந்தால் மாவாகவே நிற்கும். அப்புறம் சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாமே கைவேலை. வெங்கடாசல கவுண்டர் என்ற மெக்கானிக்கின் உதவியோடுதான் மெஷின்கள் மேம்பட்டு உற்பத்தி கூடியது. பட்டறைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அவர் பெயர் இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரக்கு தயாரானால் மட்டும் போதுமா? சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிராவுக்கும் மற்ற வடமாநிலங்களுக்கும் போகிறது. அங்கே விரத நாளில் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி சாப்பிடுவார்கள். அந்த ஊர் வியாபாரியிடம் ஆத்தூர் பக்கத்துச் சின்ன ஆலைக்காரர் தனியாக நின்று விலை பேசுவது கஷ்டம். நல்ல விலை வரும்வரை காத்திருக்கக் கிடங்கு வேண்டும், அதுவரை ஆளுக்கும் கிழங்குக்கும் பணம் வேண்டும். 1981-இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது இந்த இடத்தில்தான். கிடங்கில் சரக்கை வைத்து முன்பணம் வாங்கலாம், டெண்டரில் விற்கலாம். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ‘மரவள்ளியில் ஜவ்வரிசி செய்யலாம்’ என்ற அந்த ஒரு வரிக்கு இதில் எத்தனை சதவீதம் கொடுப்பீர்கள்?

ஐடியாவுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதிப்புள்ள ஐடியா பெரும்பாலும் வேலையில் இறங்கிய பிறகுதான் வருகிறது என்கிறேன்.

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். தட்டுவடை தட்டும் மெஷின் செய்து, வீட்டில் தட்டுவடை போடுகிறவர்களுக்கு விற்க வேண்டும் என்பது அவர் ஐடியா. (வெளியூர்க்காரர்களுக்கு: தட்டுவடை என்றால் தட்டை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், காரச் சட்னி, புதினாச் சட்னி எல்லாம் வைத்துக் கொடுப்பதுதான் தட்டுவடை செட். சாயங்காலம் ஆனால் சேலத்தில் அந்த வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்.) “அண்ணா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். சொல்லவில்லை. மாவைப் பிசைந்து கொண்டு வாங்க, ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். முதல் டையில் (அச்சில்) மாவு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. மாவில் இருக்கிற கடலைப்பருப்பு தட்டுக்கு நடுவே மாட்டி ஓரம் வெடித்தது. அரிசி மாறினால் மாவின் பதமும் மாறியது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒரே கனத்தில் வட்டம் விழுகிற மாதிரி கொண்டு வந்தோம்.

மெஷின் தயார், வாங்கத்தான் ஆள் இல்லை. வீட்டில் தட்டுகிற அக்காமார்களுக்குத் தட்டுவது ஒரு கஷ்டமே இல்லை, கை அவ்வளவு வேகம். விலை கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் அந்த அலைச்சலில் செட் கடைக்காரர்களோடு பேசிப் பழகியதில் அவருக்கு வேறு விஷயம் புரிந்தது. கடைக்காரர்களுக்குத் தலைவலி, தட்டுவடை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வருவதும், மழைக்காலத்தில் வியாபாரம் முடிவதற்குள் நமுத்துப்போவதும்தான். உடனே மெஷின் விற்கிற எண்ணத்தை விட்டார். அந்த ஒரே மெஷினைத் தன் வீட்டில் போட்டு, ஒரே அளவுத் தட்டுவடையாகச் சுட்டு, காற்றுப் புகாத டின்னில் அடைத்து, வண்டி போடுகிற நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். இன்றைக்கு அதுதான் அவர் பிழைப்பு, நன்றாகவே நடக்கிறது. முதல் நாள் அவர் மறைத்து வைத்த ஐடியாவை யாராவது எடுத்துக்கொண்டு போயிருந்தால் விற்காத மெஷின்தான் அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஏற்காடு காபியைத் தோட்டத்திலிருந்து நேராக ஆன்லைனில் விற்கலாம் என்றும் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820-களிலிருந்து சேர்வராயன் மலையில் காபி இருக்கிறது, நல்ல அராபிகாவும் விளைகிறது. பழம் பறிக்க ஆள் பிடித்து, ஈரப்பதம் பதினொரு சதவீதம் வரும்வரை கொட்டையைக் காயவைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே பக்குவத்தில் வறுத்து அனுப்ப யார் தயார் என்பதுதான் கேள்வி.

சரி, திருட்டுப் பயத்துக்கு வருவோம். வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமையும் (பேட்டன்ட்) கிடையாது, பதிப்புரிமையும் (காப்பிரைட்) கிடையாது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுடையது புது மாதிரியான கருவியோ செய்முறையோ என்றால் விஷயம் வேறு. அப்போது பொதுவில் காட்டுவதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பு என்ன என்று முதலில் கொடுக்கும் விளக்கம்) காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் அவகாசம் உண்டு. இந்த வகையில் இருப்பவர்கள் கவனமாக இருப்பது சரி, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மற்றவர்கள் தாராளமாகப் பேசுங்கள். வாங்கப்போகிறவர்களிடம் முதலில் பேசுங்கள்.

பங்கு விஷயம். முதல் போடுகிறவர் நட்டம் வந்தால் பணத்தை இழப்பார். நீங்கள் எதை இழப்பீர்கள்? வேலையை விட்டுவிட்டு, சம்பளம் எடுக்காமல், கொள்முதலிலிருந்து வசூல் வரை நின்று நடத்தப்போவது நீங்கள்தான் என்றால் பாதியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உழைப்புக்கான பங்கு. அதையும் ஒரே நாளில் எழுதி வாங்காமல், வருடம் கூடக் கூடப் பங்கும் கூடுகிற மாதிரி பேசினால் முதல் போடுகிறவருக்கும் பயம் இருக்காது. சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதாக இருந்தால் ஒரு தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பங்கு வேண்டாம்.

எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். இன்னாருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளாமல் கூட்டாக ஆரம்பித்துவிட்டால், 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபமும் நட்டமும் சமமாகத்தான் பிரியும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தில் ஒப்பந்தப்படி தன் உரிமையைக் கேட்டு ஒரு பங்குதாரர் இன்னொருவர் மேல் வழக்குப் போடுவதும் பொதுவாக முடியாது. அதனால் பத்திரம் எழுதிய கையோடு பதிவையும் முடித்துவிடுங்கள்.