தீர்ப்பு வருமுன் தாலி கட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. கணவரும் நானும் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை, நகை, பணம் பற்றிப் பேசி முடித்தாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு உறவைத் தீர்த்துக்கொண்டோம். பிறகு ஆனி மாதம், பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு உதகையில் மனுத் தாக்கல் செய்தோம். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், எல்லாம் தெரிந்தே என்னை மணக்க முன்வந்திருக்கிறார். ஆவணியில் முகூர்த்தம் குறித்து, குன்னூரில் மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். இப்போது கோயிலில் எளிமையாகத் தாலி கட்டிக்கொண்டு, தீர்ப்பு வந்தபின் பதிவு செய்துகொள்ளலாமா? இருவரும் இந்துக்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நான்கு ஆண்டுத் தனிமைக்குப் பிறகு ஒரு நல்ல மனிதர் கைகொடுக்க வரும்போது, இன்னும் சில மாதம் பொறுங்கள் என்று சொல்வது எனக்கே கடினமாக இருக்கிறது. ஆனாலும் தெளிவாகச் சொல்கிறேன். தீர்ப்பு கையில் வரும்வரை தாலி கட்டிக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த முத்திரைத்தாள். அதில் எத்தனை பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அது உங்கள் திருமணத்தை முடித்துவைக்காது. சமூக வழக்கப்படி நடக்கும் மணவிலக்கை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, தொடர்ச்சியாக இருந்து வருகிறது என்பதைச் சொல்பவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பழங்குடிப் பட்டியலில் உள்ள சமூகத்தவராக இருந்தால் நிலைமை வேறு. மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி இந்தச் சட்டமே அவர்களுக்குப் பொருந்தாது. நீங்கள் இந்தச் சட்டத்தின்கீழ் மனுத் தாக்கல் செய்துவிட்டீர்கள். எனவே தீர்ப்பு வரும்வரை சட்டத்தின் பார்வையில் நீங்கள் உங்கள் முதல் கணவரின் மனைவியே.

"கோயிலில் எளிமையாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கினி வளர்த்து ஏழு அடி நடந்தால்தான் திருமணம், வெறுமனே தாலி கட்டினால் சட்டத்தில் அது கணக்கில் வராது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கலாம்; மலையிலும் சமவெளியிலும் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் இது தவறான நம்பிக்கை. 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ பிறரோ உடனிருக்க, தாலி கட்டுவது, மாலை மாற்றிக்கொள்வது, மோதிரம் அணிவிப்பது, கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்வது ஆகியவற்றில் எது நடந்தாலும் திருமணம் நடந்ததாகவே பொருள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஓர் இருதார மண வழக்கில், ஏழு அடி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் வாதிட்டதை 2001-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டியே மறுத்தது. ஊரறியச் செய்யவில்லை என்பதும் காப்பாற்றாது. 7-அ திருமணத்துக்கு ஊர் கூட வேண்டியதில்லை என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் நிச்சயதார்த்தம் வைத்தாலும் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோதிரமும் மாலையும் இப்போது வேண்டாம். புகைப்படத்தில் நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் வேறுபாடு தெரியாது.

மீறிச் செய்தால் என்ன ஆகும்? முதலாவதாக, அந்தத் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது. ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தாலும் அது பின்னோக்கிச் சென்று ஆவணித் தாலியைச் செல்லுபடியாக்காது. மீண்டும் ஒருமுறை முறைப்படி மணம் செய்துதான் ஆகவேண்டும். இடையில் உங்களை மணந்த ஆசிரியருக்கு ஏதேனும் நேர்ந்தால், சட்டப்படியான மனைவி என்ற உரிமையில் குடும்ப ஓய்வூதியமோ சொத்தில் பங்கோ கேட்க உங்களால் முடியாது. குழந்தை பிறந்தால் அதன் உரிமை தனி. 16-வது பிரிவு அதைச் சட்டப்படியான குழந்தையாகவே கருதி, பெற்றோரின் சொத்தில் பங்கும் தருகிறது. செல்லாத திருமணத்தின் சுமை பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இரண்டாவதாக, இது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494) ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. முதல் திருமணத்தை மறைத்து மணந்தால் பத்தாண்டு வரை. உங்கள் விஷயத்தில் அது எழாது. புகார் கொடுக்க வேண்டியவர் உங்கள் கணவர். அவர்தான் சம்மதித்துவிட்டாரே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பரஸ்பர சம்மத மனுவில் தீர்ப்புக்கு முன் எந்த நாளிலும் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991 முதல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. இன்று சிரித்துப் பேசுபவர் நாளை நகைக் கணக்கில் மனம் மாறினால், மனு விழும். உங்கள் திருமணப் படமோ அவர் கையில் இருக்கும்.

மூன்றாவதாக, உங்களை மணக்க இருப்பவரின் வேலை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-இன் 19-வது விதி, கணவரோ மனைவியோ உயிருடன் உள்ள ஒருவரை அரசு ஊழியர் மணப்பதைத் தடுக்கிறது. துறை நடவடிக்கைக்கு உங்கள் கணவரின் புகார்கூடத் தேவையில்லை என்பதை அந்த ஆசிரியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அந்த ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமானது அல்ல, உரிய வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருக்க வேண்டும், சமரசத்துக்கு வழியில்லை என்று தெரிய வேண்டும், ஜீவனாம்சம் முதலியவை உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும் என்பன அது பார்க்கச் சொல்லும் விஷயங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எல்லாமே பொருந்துகிறது. காத்திருப்பைத் தளர்த்தக் கோரும் மனுவை உடனே போடும்படி உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். முடிவு நீதிபதியின் கையில். கட்டாயம் கிடைக்கும் என்று நான் வாக்களிக்க முடியாது. வழக்கறிஞர் செலவு பாரமாக இருந்தால், உதகையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

தீர்ப்பு வந்தபின் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா என்ற ஐயமும் வரலாம். எதிர்த்து நடந்த வழக்கிலோ ஒரு தரப்பு வராமலே வழங்கப்பட்ட தீர்ப்பிலோ, 90 நாள் கழியும்வரை பொறுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு ஏதும் பதிவாகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மணக்க வேண்டும். இருவர் சம்மதத்தில் குடும்ப நல நீதிமன்றம் வழங்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், உங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

மண்டபக்காரரிடம் பேசித் தேதியைத் தை மாதத்துக்கு மாற்றிக் கேளுங்கள். தீர்ப்பான அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது சார்பதிவாளர் முதலில் கேட்பது அதைத்தான்.