1762 என்று இருந்தால் அசலா?

கே: மெதடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு) போதகர்களைச் சாடி ஆங்கிலக் கேலிச்சித்திர ஓவியர் ஹோகார்த் வெளியிட்ட செப்புத்தகட்டு அச்சு. அடியில் ‘மார்ச் 15, 1762’ என்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

ப: தேதியை நம்பாதீர்கள். அது தகட்டிலேயே வெட்டியது. ஹோகார்த் 1764-ல் இறந்த பிறகும் தகடுகள் கைமாறின. 1822-ல் செதுக்குக் கலைஞர் ஹீத் சீர்செய்து அச்சடித்த தாளிலும் அதே 1762தான் இருக்கும். இதை மறைத்து முதல் அச்சின் விலை கேட்பது பச்சை மோசடி. எத்தனை பேர் இதில் பணம் இழந்திருக்கிறார்கள்!

தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். அக்காலத் தாள் என்றால் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு ஒரு கோடும், குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விலகிவிடுங்கள். தெரிந்தாலும் அதுமட்டும் போதாது. போதகரின் பொய்முடி நழுவி மழித்த உச்சந்தலை தெரிகிறதே, அந்த இடத்தையும் அங்கிக்குள் தெரியும் கோமாளிச் சட்டையையும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நல்ல அச்சில் நிழல்கோடுகள் தனித்தனியாக நிற்கும். தகடு தேய்ந்திருந்தால் வெளிறிப்போகும். மறுபடி வெட்டியிருந்தால் முரடாக இருண்டிருக்கும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட நகல்.

கே: ஆங்கிலப் பாதிரியார் சாஷெவெரலைத் தாக்கும் 1710 படம் என்கிறார்கள். தேதியே இல்லை. போலியா?

ப: தேதி இல்லாதது குறையல்ல. உரிமை காக்கத் தகட்டில் தேதியும் பெயரும் வேண்டும் என்றது பிரிட்டனின் 1735 சட்டம்; இந்தப் படம் அதற்கு முந்தையது. ஆனால் அடியிலுள்ள செய்யுளைப் படித்தீர்களா? அரசைச் சாடிய 1709 நவம்பர் 5 பிரசங்கத்துக்காக அவர்மீது விசாரணை நடந்தபோது அவரைத் தாக்கியும் படம் வந்தது, போற்றியும் வந்தது. படிக்காமல் பணம் கட்டாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இடவலம் மாறியிருந்தால் பெரும்பாலும் போட்டிக் கடையின் நகல். ஓரம் வெட்டியதை வாங்க வேண்டாம். நான் வாங்கிய ஒன்றில் அடிவாசகமே போய்விட்டது. யார் வெளியீடு என்று நிறுவ வழியில்லை.

கே: பழுப்புப் புள்ளிகளுக்கு ப்ளீச் போடலாமா?

ப: கூடாது.

கே: லண்டன் கடையொன்றில் ‘அசல்’ என்று ஆன்லைனில் வாங்கினேன். லென்ஸில் பார்த்தால் புள்ளிகள். கடைக்காரர் பேச மறுக்கிறார்.

ப: உங்கள் மேல் தவறில்லை, தயங்காதீர்கள். விற்பவர் வியாபாரி என்றால் பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விவரணைக்கு ஒவ்வாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், அழித்துவிடுவார்கள். லென்ஸ் வழியாகப் புள்ளிகளையும் படமெடுத்து, ‘நிராகரிக்கிறேன்’ என்ற சொல்லோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஃபிரேமைப் பிரிக்காதீர்கள்.