கோ, கிரா, கிஷுதரா: பூட்டான் உடை பற்றிச் சில கேள்விகள்

போன வாரம் பூட்டான் துணிகளைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஆண்கள் போடுகிற 'கோ' முழங்கால் வரைதான் இருக்கிறது. அந்த அளவுக்கே தைப்பார்களா?

இல்லை. தைக்கும்போது கணுக்கால் வரை நீளம் இருக்கும். போட்டுக்கொண்டு, முன்பக்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, முதுகுப்பக்கம் இரண்டு மடிப்பு நேராக வைத்து, அப்படியே முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு 'கேரா' என்ற நெய்த பட்டையை இடுப்பில் இறுக்கிச் சுற்ற வேண்டும். தூக்கிய துணி பட்டைக்கு மேலே தளர்ந்து, வயிற்றுக்கு முன்னால் பெரிய மடியாகிவிடும். அந்தக் காலத்தில் அதில் சாப்பாட்டுக் கிண்ணமும் சின்னக் கத்தியும் இருந்தன. இப்போது செல்போன், பர்ஸ், கூடவே வெற்றிலை பாக்கு. புதிதாகக் கட்டுகிறவர்களுக்குக் கேராதான் வில்லன். தளர்ந்தால் கோ சரிந்து இறங்கும், இறுக்கினால் உட்கார்ந்ததும் மூச்சு முட்டும்.

கேள்வி: பெண்களின் கிரா நம் சேலை போலவா மேடம்?

அளவெடுத்துத் தைக்காத துணி என்ற அளவில் சரி. மற்றபடி அது நீளம் குறைந்து அகலம் கூடிய செவ்வகத் துணி. உடம்பைச் சுற்றி வந்து இரு தோள்களிலும் வெள்ளிக் கொக்கியால் மாட்டி, இடுப்பில் பட்டை கட்டுவார்கள். உள்ளே 'வோஞ்சு' என்ற ரவிக்கை, வெளியே 'தேகோ' என்ற மேல்சட்டை. வோஞ்சுவின் கழுத்தையும் கை ஓரத்தையும் தேகோவுக்கு மேல் மடித்துவிடுவார்கள். அந்த இரண்டு நிறப் பொருத்தத்தில்தான் ரசனையே தெரியும். இப்போது பலர் இடுப்போடு நிற்கும் அரைக் கிராவுக்கு மாறிவிட்டார்கள். வேலைக்குப் போக வசதிதான். ஆனால் நல்ல நெசவை அதில் பாதிதான் பார்க்க முடிகிறது என்பது என் குறை.

கேள்வி: கிஷுதரா என்று ஒரு கிரா பார்த்தேன். ஊசியால் போட்ட எம்பிராய்டரியா? விலை தலை சுற்றுகிறது!

ஊசி வேலை இல்லை, அத்தனையும் தறியிலேயே போட்டது. பூட்டானின் வடகிழக்கில் லுன்ட்சே மாவட்டத்துக் குர்த்தோ பகுதி இதற்குப் பேர்போனது. நெய்பவர்கள் பெண்கள். தறி என்றால் நம் குழித்தறி மாதிரி நினைக்காதீர்கள். பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனை சட்டத்தில் இருக்கும், மறுமுனையின் பட்டை நெய்பவரின் இடுப்புக்குப் பின்னால் போகும். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும்.

அடித்துணிக்கான ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓடும். அதோடு பூ வர வேண்டிய இடத்தில் மட்டும், பாவு இழைகளைக் குச்சியால் எண்ணித் தூக்கி, வண்ணப் பட்டு நூலை விரலால் நுழைப்பார்கள். இன்னொரு நிறம் வேண்டுமென்றால் அதற்குத் தனி நூல். பிறகு மர வாளால் அடித்து இறுக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு வரிசையாக ஏற வேண்டும். நுணுக்கமான ஒரு கிராவுக்குப் பல மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வருடம்கூட. அதை வைத்துக் கணக்குப் போட்டால் விலை அநியாயமாகத் தெரியாது.

கேள்வி: மெஷின் துணியைக் கைத்தறி என்று தலையில் கட்டிவிட்டால்?

கட்டுவார்கள். கிராவின் டிசைனில் இந்தியாவில் மெஷினில் நெய்த துணி அங்கே நிறையவே விற்கிறது. அன்றாடம் உடுத்த அதுதான் பலருக்குக் கட்டுப்படியாகும். முதலில் தையலைப் பாருங்கள். இடுப்புத் தறியில் அகலமாக நெய்ய முடியாது என்பதால் மூன்று துண்டுகளை இணைத்துத்தான் ஒரு கிரா வரும். இரண்டு மூட்டுத் தையல் இருக்க வேண்டும், அங்கே இரு பக்கத்துப் பூவும் நூலளவுகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும் என்றில்லை. ஒரே அகலத் துணியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பௌத்த நாடாயிற்றே, பட்டுப்புழுவைக் கொல்வார்களா?

அங்கே 'புரா' எனப்படும் பட்டு பெரும்பாலும் எரிப் பட்டு. ஆமணக்கு இலை தின்னும் புழு, அசாமிலும் வளர்ப்பார்கள். அதன் கூட்டில் ஒரு முனை திறந்திருக்கும். அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு, பஞ்சு போல நூற்றுக்கொள்வார்கள். டிராஷிகாங் மாவட்டத்து ராதி இதற்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் பூட்டான் பட்டெல்லாம் இப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள். பளபளக்கும் பட்டு நூல் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது.

கேள்வி: தோளில் போடும் துண்டின் நிறத்துக்கு அர்த்தம் உண்டா?

உண்டு, பதவிதான். அரசருக்கும் தலைமை மதகுருவுக்கும் மஞ்சள், அமைச்சருக்கு ஆரஞ்சு, நீதிபதிக்குப் பச்சை, நாடாளுமன்ற உறுப்பினருக்கு நீலம், 'தாஷோ' பட்டம் பெற்றவருக்குச் சிவப்பு, சாதாரண ஆணுக்கு வெள்ளை. பெண்கள் 'ராச்சு' என்ற குறுகிய துண்டை இடது தோளில் போடுவார்கள்.

கேள்வி: எல்லோரும் கட்டாயம் உடுத்த வேண்டுமாமே. யாருக்கும் வருத்தம் இல்லையா?

இருந்தது, பெரிதாகவே. அரசு அலுவலகம், பள்ளி, கோட்டை மடாலயமான 'ஜோங்' ஆகியவற்றுக்கு இந்த உடைதான். 1989 அரச ஆணை அதை எல்லோர்மேலும் கறாராக்கியது. தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் லோட்ஷாம்பா மக்களுக்கு இது அவர்கள் உடையே இல்லை. குடியுரிமைச் சட்டம், 1988 கணக்கெடுப்பு ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்து பகையானது. கடைசியில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேபாள முகாம்களில் வாழ நேர்ந்தது. துணியின் அழகைப் புகழும்போது இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

கேள்வி: நாங்கள் சுற்றுலா போகிறோம். உடுத்தலாமா?

தாராளமாக. கட்டாயம் இல்லை, ஆனால் உடுத்தினால் சந்தோஷப்படுவார்கள். திம்புவில் வாடகைக்கே கிடைக்கும். கட்டிவிட ஒருவரைக் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். ஜோங்குக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். நேரம் இருந்தால் திம்புவில் ராயல் டெக்ஸ்டைல் அகாடமி அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.