கடன், வட்டி, வரவு செலவு: கேட்டவையும் சொன்னவையும்

குடும்பக் கடன்களைப் பற்றியும் வரவு செலவுக் கணக்கைப் பற்றியும் கேளுங்கள் என்றேன்; கொட்டிவிட்டீர்கள். பங்குச் சந்தை பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். கடன் அட்டைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு எந்தப் பங்கை வாங்கலாம் என்ற யோசனை இப்போது வேண்டாம்.

மாதக்கடைசி: வணக்கம் ஐயா. இருவரும் சம்பாதிக்கிறோம். மாதம் தவறாமல் பட்ஜெட் போடுகிறோம். தாளில் மீதி வருகிறது, கையில் வருவதில்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் போடுவது அடுத்த மாதத்துக்கான ஆசைப் பட்டியல். கடந்த மூன்று மாதங்களில் என்ன நடந்தது என்று முதலில் எழுதுங்கள். வங்கி அறிக்கை, கடன் அட்டை அறிக்கை, கைபேசி வழியாகச் செலுத்தியவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பிரியுங்கள். ரொக்கமாக எடுத்த பணம் எங்கே போனது என்று நினைவில்லையா? 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அந்தத் தொகையைப் பார்த்து வெட்கப்படலாம், தவறில்லை. அதை மற்றத் தலைப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு மறைக்கக் கூடாது.

அடுத்தது, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் செலவுகள்: பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வாகனப் பழுது. இவற்றை 'எதிர்பாராத செலவு' என்கிறார்கள். ஆண்டுதோறும் வருவதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? ஓராண்டில் இப்படி 60,000 போகிறதென்றால், உங்கள் பட்ஜெட் மாதந்தோறும் 5,000 பொய் சொல்கிறது. தாளில் வரும் மீதி பெரும்பாலும் அந்த 5,000தான்.

கடைசியாக, நான் எல்லோரிடமும் பாடும் பல்லவி: 'இதர செலவுகள்' என்ற தலைப்பை அடித்துவிடுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும். அந்தத் தலைப்பு உருவானதே அதற்காகத்தான்.

பொறுமைசாலி: செலவு எழுத எந்தச் செயலி நல்லது?

பதில்: மூன்று மாதம் கழித்தும் நீங்கள் திறந்து பார்க்கிற எதுவும் நல்லது. நோட்டும் பேனாவும் போதும்.

தவணைக்காரன்: கடன் அட்டையில் ஒரு லட்சம் நிலுவை. புதிதாக எதுவும் வாங்குவதில்லை. குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் நிலுவை இறங்க மாட்டேன் என்கிறது.

பதில்: வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அறிக்கையில் வேறு விகிதம் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். முதல் மாதம் 5,000 கட்டுகிறீர்கள். அதில் 3,000 வட்டிக்குப் போய்விடும். அசலில் 2,000 குறையும். அடுத்த மாதம் நிலுவை 98,000 என்பதால் 4,900 கட்டினால் போதும் என்பார்கள். நிலுவை குறையக் குறையக் கேட்கும் தொகையும் குறைந்துகொண்டே வரும். பார்ப்பதற்குச் சலுகை போலத்தான் இருக்கும். இப்படியே போனால் ஒரு லட்சம் ஐம்பதாயிரமாகக் குறைவதற்கே 34 மாதங்களுக்கு மேல் ஆகும்.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். அவர்கள் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், முதல் மாதம் கட்டிய அதே 5,000ஐ மாறாமல் கட்டுங்கள். 31 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். முதல் மாதம் கட்டியதைவிட ஒரு காசுகூட அதிகம் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். நிலுவை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலான அட்டைகளில் வட்டியில்லாக் காலம் கிடையாது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

புதுக்கணக்கு: எனக்கும் அட்டையில் ஒரு லட்சம் இருக்கிறது. 12 சதவீத ஃபிளாட் வட்டிக்கு ஒரு லட்சம் தருகிறேன், 12 தவணையில் கட்டுங்கள் என்கிறார்கள். வாங்கி அட்டைக் கடனை அடைத்துவிடலாமா?

பதில்: அந்த 12, உண்மையில் 12 இல்லை. மொத்தம் 1,12,000 கட்டுவீர்கள். தவணை சுமார் 9,333. ஓராண்டு முழுவதும் ஒரு லட்சமும் உங்கள் கையில் இருந்தால்தான் அது 12 சதவீதம். நீங்களோ மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். வட்டியை மட்டும் முழு லட்சத்துக்கும் போட்டிருக்கிறார்கள். குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். பரிசீலனைக் கட்டணம் என்று எதையாவது பிடித்தால் அது தனி.

அப்படியும் அட்டை வட்டியைவிடக் குறைவுதான், கணக்கு தடுக்காது. நான் தடுப்பது வேறு காரணத்துக்காக. மாதம் 9,333 எங்கிருந்து வரும் என்பதற்கு உங்கள் கணக்கில் வரி இருக்கிறதா? இல்லாவிட்டால் காலியான அட்டையே மறுபடி கைகொடுக்கும். ஒரு கடன் இரண்டாகும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிறவர், பழைய அட்டையை அன்றே முடக்க வேண்டும். 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்ற பேச்சே கூடாது.

ஓய்வில்லாதவள்: நான்கு கடன்கள் இருக்கின்றன. எதை முதலில் அடைப்பது?

பதில்: எல்லாவற்றுக்கும் கட்டாயத் தவணை. மிஞ்சும் பணம் முழுவதும் வட்டி விகிதம் அதிகமான கடனுக்கு.

சின்னது முதலில்: மன்னிக்கவும் ஐயா, இதை ஏற்க முடியவில்லை. இருப்பதிலேயே சிறிய கடனை முதலில் அடைத்தேன். ஒன்று தீர்ந்ததும் பிறந்த தைரியத்தில்தான் மற்றவற்றையும் அடைத்தேன். வட்டி விகிதம் பார்த்திருந்தால் பாதியில் சோர்ந்திருப்பேன்.

பதில்: 10,000 கையில் இருக்கிறது. 12 சதவீதத்தில் 10,000 கடன் ஒன்று, 36 சதவீதத்தில் 40,000 கடன் ஒன்று. சிறியதை அடைத்தால் ஆண்டுக்கு 1,200 வட்டி மிச்சம். அதே பணத்தைப் பெரியதில் போட்டால் 3,600 மிச்சம். 2,400ஐ இழந்து தைரியம் வாங்கியிருக்கிறீர்கள்.

சின்னது முதலில்: மாதம் 200தானே? சோர்ந்துபோய் மறுபடி செலவு செய்திருந்தால் அதைவிட எவ்வளவோ கூடப் போயிருக்கும்.

கணக்குப்பிள்ளை: இடையில் வருகிறேன். சிறிய கடன் தீர்ந்தால் அதன் தவணையும் விடுதலையாகிறது. வேலை நிச்சயமில்லாதவருக்கு மாதக் கட்டாயம் குறைவதே பெரிய பாதுகாப்பு. இதை உங்கள் கணக்கு பார்ப்பதில்லையே?

பதில்: கணக்குப்பிள்ளை சொல்வது கணக்கு, அதை ஏற்கிறேன். வருமானம் ஆட்டம் காணும் வீட்டில் தவணைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அறிவுடைமை. தைரியத்துக்கும் தடை சொல்லவில்லை. ஆனால் அதற்கு மாதம் 200 விலை என்று தெரிந்து, அதை நோட்டில் எழுதிவிட்டு வாங்குங்கள். இரண்டு கடன்களின் வட்டியும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சிறியதையே அடையுங்கள், என் ஆசிகள். வித்தியாசம் 24 சதவீதமாக இருக்கும்போது என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்.

சின்னது முதலில்: நான் அனுமதி கேட்கவில்லை ஐயா, அடைத்தே விட்டேன்.

பதில்: அப்படியானால் வாழ்த்துகள். உங்களிடம் தோற்பதில் எனக்கு வருத்தமில்லை.

நாளைமுதல்: சம்பளம் உயர்ந்தால் கடன் தானாகத் தீர்ந்துவிடும்தானே?

பதில்: உயர்ந்த தொகை எந்தக் கடனுக்கு என்று இன்றே எழுதி வைத்தால் தீரும். இல்லாவிட்டால் செலவும் கூடவே உயரும்.

இலை: நல்ல செயலி ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: பொறுமைசாலிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

விடியல்: இலவசச் செயலி ஏதாவது?

பதில்: நோட்டு. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இலவசம்.

சொல்லத்தெரியவில்லை: மனைவிக்குத் தெரியாமல் கைமாற்று வாங்கிவிட்டேன். நானே மெல்ல அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டுப் பட்ஜெட்டை அவர்தான் எழுதுகிறார்.

பதில்: எந்தப் பணத்தில் அடைப்பீர்கள்? ஏதோ ஒரு செலவைக் கூட்டிச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டின் 'இதர செலவுகள்' உங்கள் கைமாற்றுதான். பாவம், அவர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் கணக்கு உதைக்கும். தன் சிக்கனம் போதவில்லை என்று நினைத்து இன்னும் சுருக்குவார். யாரிடம் வாங்கியது, எவ்வளவு, வட்டி உண்டா, எப்போது தருவதாகச் சொன்னீர்கள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். இரண்டாம் முறை உண்மை வெளியே வந்தால் அவர் எந்தக் கணக்கையும் நம்ப மாட்டார்.

அமைதி: தவணை தவறியதால் வசூலுக்கு வருபவர்கள் மிரட்டுகிறார்கள். புகார் கொடுக்கலாமா?

பதில்: இது சட்டக் கேள்வி; தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். போவதற்கு முன் கடன் ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், அழைப்பு வந்த நாள், நேரம் எல்லாவற்றையும் திரட்டி எடுத்துச் செல்லுங்கள். இனி எதைக் கட்டினாலும் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

ஏற்ற இறக்கம்: எனக்கு நிலையான சம்பளம் இல்லை. ஒரு மாதம் கொட்டும், ஒரு மாதம் காயும். எப்படி பட்ஜெட் போடுவது?

பதில்: கடந்த ஓராண்டில் மிகக் குறைவாக வந்த மாதம் எது என்று பாருங்கள். அந்த வருமானத்துக்குள் அன்றாடச் செலவையும் கட்டாயத் தவணைகளையும் அடக்க முயலுங்கள். அடங்காவிட்டால் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். கொட்டும் மாதத்தில் வரும் உபரியில் முதலில் அந்தக் குறையை நிரப்ப எடுத்து வையுங்கள், அதற்குப் பிறகு ஒரு மாதச் செலவுக்கான கையிருப்பு, மிஞ்சுவது கடனுக்கு. கையிருப்பு இல்லாமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டினால், காயும் மாதத்தில் மறுபடி அட்டையை எடுப்பீர்கள். சராசரி வருமானத்தை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள்.