தினமும் அலுவலகம், கடை, பள்ளி என்று அலைய ஸ்கூட்டர் போதுமா, பைக்தான் வேண்டுமா?

ஊருக்குள்ளே ஓட்டத்தான் என்றால் ஸ்கூட்டரே போதும். முதல் காரணம், கிளட்ச் பிடித்து கியர் மாற்றும் வேலை இல்லாதது. என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட், பள்ளத்தின் அகலம் மாறும் இரண்டு கப்பிகளில் ஓடுகிறது. வேகத்துக்கு ஏற்றபடி கியர் விகிதம் தானாகவே மாறிக்கொள்ளும். கிண்டிப் பக்கம் மாலை நெரிசலில் பத்தடிக்கு ஒரு தடவை நின்று கிளம்பிப் பாருங்கள், இடது கைக்கு எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

அப்புறம் சாமான். காலடியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் நிற்கும், கொக்கியில் காய்கறிப் பை தொங்கும், சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு. டிவிஎஸ் ஜூபிடர் 125இல் சீட்டுக்கு அடியில் மட்டும் 33 லிட்டர் இடம். புடவையோ வேட்டியோ கட்டிக்கொண்டும் சிரமமில்லாமல் ஓட்டலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே வண்டி போதும். எங்கள் வீட்டில் சாவிக்குச் சண்டை நடப்பதும் அதனால்தான்.

குறையும் உண்டு. 10, 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் நன்றாகவே குலுக்கும். மைலேஜும் 100 சிசி பைக் அளவுக்கு வராது. தினமும் நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் போகிறவர் என்றால், சரி, பைக்கே வாங்குங்கள்.