எத்தியோப்பியப் படை தலைநகரைப் பிடித்துக் கொடுத்த பிறகும் சோமாலிய அரசால் ஏன் நாட்டை ஆள முடியவில்லை?

கேள்வி கேட்டவர் 2006 டிசம்பரைக் குறிப்பிடுகிறார். எத்தியோப்பிய ராணுவம் உள்ளே நுழைந்து சில நாட்களில் மொகதிசுவைப் பிடித்து இடைக்கால அரசிடம் கொடுத்தது. இவ்வளவு பெரிய துணை இருந்தும் அந்த அரசு ஏன் காலூன்றவில்லை, அது அந்த மக்களின் குணமா என்பது கேள்வி. ‘குணம்’ என்ற அந்தச் சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஆற்காட்டில் பிறந்தவன், இப்போது காட்பாடியில் இருக்கிறேன். 2013 முதல் மூன்று வருடம் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சோமாலிய மாணவன் குடியிருந்தான். மொகதிசு பையன். அவன் அப்பாவுக்குப் பகாரா சந்தையில் துணிக்கடை. என்னை அங்கிள் என்பான், என் மனைவி சாம்பார் கொடுத்தனுப்பினால் பாத்திரத்தைக் கழுவி அதில் பேரீச்சம்பழம் போட்டுத் திருப்பித் தருவான். சோமாலியாவைப் பற்றி நான் படித்ததெல்லாம் அவனால்தான்.

முதலில் அந்த அரசு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1991இல் சியாத் பாரே ஆட்சி கவிழ்ந்ததோடு மத்திய அரசு என்ற ஒன்றே அங்கே இல்லாமல் போனது. பல சமாதான மாநாடுகள் தோற்று, 2004இல் கென்யாவில் வைத்து ஓர் இடைக்கால அரசை அமைத்தார்கள். அப்துல்லாஹி யூசுஃப் ஜனாதிபதி. 275 உறுப்பினர்கள். நான்கு பெரிய குலங்களுக்குச் சமமான இடங்கள், சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குலத்துக்குக் கிடைத்ததில் பாதி. ஆட்சி அமைந்தது நைரோபியில், ஆள வேண்டிய ஊரோ மொகதிசு. அங்கே போக முடியாததால் பைதோவா என்ற ஊரில், ஒரு பழைய தானியக் கிடங்கில் 2006இல் நாடாளுமன்றம் கூடியது.

அதே 2006 ஜூனில், ஷரியா சட்டப்படி தீர்ப்புச் சொல்லிச் சொந்தமாக ஆயுதப் படையும் வைத்திருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு மொகதிசுவைப் பிடித்தது. பதினைந்து வருடங்களாகத் தெருவுக்கு ஒரு சாவடி போட்டு வழிப்பறி செய்துகொண்டிருந்த ஆயுதக் கும்பல் தலைவர்களை அவர்கள் விரட்டினார்கள். விமான நிலையம் திறந்தது, பத்து வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த துறைமுகமும் திறந்தது. அவர்கள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சினிமாக் கொட்டகையை மூடினார்கள், உலகக் கோப்பைக் கால்பந்து பார்ப்பதைக்கூடச் சில இடங்களில் தடுத்தார்கள். பின்னாளில் அல் ஷபாப் என்ற ஆயுத இயக்கம் ஆனதும் அவர்களின் இளைஞர் அணிதான். ஆனால் கடை வைத்திருந்தவனுக்கு அந்த ஆறு மாதமும் பயமில்லாமல் சரக்கு வந்தது. மாடிப் பையனின் அப்பா அதை இன்றும் சொல்வாராம்.

டிசம்பர் 28ஆம் தேதி எத்தியோப்பியப் படையின் பின்னால் அரசு மொகதிசுவுக்குள் வந்தது. 2007 ஜனவரி 8 அன்றுதான் ஜனாதிபதி, பதவிக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் தன் தலைநகரில் கால் வைத்தார். எத்தியோப்பியாவோடு சோமாலியர்கள் 1977இல், எத்தியோப்பியாவுக்குள் சோமாலியர்கள் வாழும் ஒகாதேன் பகுதிக்காகப் போரிட்டுத் தோற்றவர்கள். அந்தக் காயம் ஆறாத ஊரில், தெருமுனையில் நிற்கிற எத்தியோப்பியச் சிப்பாயைக் காட்டி ‘இவர்தான் நம் ஜனாதிபதிக்குக் காவல்’ என்றால் யார் மதிப்பார்கள்? எத்தியோப்பியாவுக்கும் தன் எல்லையைப் பற்றிய பயம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் வந்தது அவர்களுடைய பயத்துக்காக. 2007இல் பீரங்கிச் சண்டையில் லட்சக்கணக்கான பேர் மொகதிசுவைவிட்டு ஓடினார்கள். குண்டு போட்டது யார் என்பதைவிட, யாருக்காகப் போட்டார்கள் என்பதைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை வண்டியில் உட்கார வைத்து, ராணிப்பேட்டை வழியாகப் பாலாற்றுப் பாலம் தாண்டி, ஆற்காடு டெல்லி கேட்டுக்குக் கூட்டிப்போனேன். கோட்டையில் இன்று சொல்லும்படி மிஞ்சியிருப்பது அந்த வாசல்தான். மேலே ஒரு சிறு அறை, ஆங்கிலக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் தங்கியது என்பார்கள். அவனிடம் நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் இறந்தார். நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்டு எதிரில் நின்ற சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுப் படை துணை. அன்வருதீனின் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடிப்போய் ஆங்கிலக் கம்பெனியைப் பிடித்துக்கொண்டார். 1751இல் கிளைவ் சுமார் 200 வெள்ளைக்காரச் சிப்பாய்களோடும் 300 இந்தியச் சிப்பாய்களோடும் வந்து ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அடுத்த வருடம் சந்தா சாகிபும் கொல்லப்பட்டார். நவாப் பட்டம் முகமது அலிக்கு. வாலாஜாப்பேட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, பட்டம் கிடைத்தது. ஆட்சி கிடைத்ததா? ஆற்காட்டிலிருந்து வேலூர் 25 கிலோமீட்டர்தான். அந்த வேலூர்க் கோட்டையில் முர்தசா அலி தனி ராஜாபோல உட்கார்ந்திருந்தார். 1742இல் நவாப் சப்தர் அலியைத் தீர்த்துக் கட்டியவர் அவர். புது நவாபுக்குப் பணம் கட்டவில்லை. 1756இல் நவாபுக்காகக் கம்பெனிப் படை வேலூர்வரை வந்து நின்றது. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பியதும் திரும்பிப் போய்விட்டது. தெற்கே பாளையக்காரர்கள் கப்பம் கட்ட மறுத்தார்கள். 1755இல் நவாபின் அண்ணன் மாபூஸ்கானைக் கூட்டிக்கொண்டு கம்பெனியின் கர்னல் ஹெரான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குப் பீரங்கியோடு தண்டலுக்குப் போனார். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் பணியவில்லை. பிற்பாடு அதே வேலைக்கு அனுப்பப்பட்ட கம்பெனித் தளபதி யூசுப்கான் கடைசியில் நவாபையே எதிர்த்து நின்று 1764இல் மதுரையில் தூக்கில் தொங்கினார்.

படை போன செலவையெல்லாம் கம்பெனி நவாபின் கணக்கில் எழுதியது. அதைக் கட்ட அவர் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்கு வாங்கினார், வட்டிக்கு ஈடாகச் சீமைகளின் வரியை எழுதிக்கொடுத்தார். இருந்ததோ சென்னைச் சேப்பாக்கத்தில், கம்பெனிக் கோட்டைக்குப் பக்கத்திலேயே. 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அந்தக் கடன்களைப் பற்றியே நீண்ட உரை ஆற்றினார். இதற்கிடையில் ஹைதர் அலி வந்து போனார், பாலாற்றங்கரை ஊர்கள் எரிந்தன. ஒரே வயலுக்கு நவாபின் ஆளுக்கும் கடன்காரனின் ஆளுக்கும் படைக்காரனுக்கும் கொடுத்தது நம் ஊர்க் குடியானவன்.

‘அப்புறம் அந்த நவாப் என்ன ஆனார்?’ என்று கேட்டான் பையன். முகமது அலி 1795இல் இறந்தார், 1801இல் நிர்வாகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது, வாரிசுக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சியது என்றேன். அவன் கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே குணம் இல்லை ஐயா. வரி யாரிடம் போகிறது, வழக்கு யாரிடம் போகிறது என்ற இரண்டையும் பார்த்தால் யார் ஆள்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சோமாலிய அரசின் சிப்பாய்க்குச் சம்பளம் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து வரவேண்டும், பல மாதம் வராது. வராதபோது அவன் சாவடி போட்டுப் பிடுங்கினான், இல்லையென்றால் துப்பாக்கியை விற்றுவிட்டுப் போனான். அல் ஷபாபும் வசூலித்தது, கொடுக்காதவனைக் கொன்றது. ஆனால் ரசீது கொடுத்தது. அந்த ரசீதைக் காட்டினால் அடுத்த சாவடியில் மறுபடி கேட்கமாட்டார்கள். நிலத் தகராறு என்றால் அவர்களுடைய நீதிமன்றத்தில் சீக்கிரம் தீர்ப்பு வரும், அதை மீற ஆளில்லை. அரசு நீதிமன்றத்தில் பணம் கேட்டார்கள். பையன் இதைச் சொன்னபோது அல் ஷபாபின் மேல் அவனுக்குத் துளி அன்பும் இல்லை. அவன் மாமா ஒருவரை அவர்கள்தான் சுட்டார்கள். ஆனாலும் அப்பா கடையை நடத்த வேண்டுமே, அதனால் இரண்டு பேருக்கும் கட்டுகிறார் என்றான்.

2008 டிசம்பரில் அப்துல்லாஹி யூசுஃப் பதவி விலகினார். 2009 ஜனவரியில் எத்தியோப்பியப் படை வெளியேறியது, வெளியேறிய கையோடு பைதோவாவை அல் ஷபாப் பிடித்தது. அந்த மாதக் கடைசியில் ஜிபூத்தியில் கூடிப் புது ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது யாரை? ஷேக் ஷரீஃப் அகமதுவை. 2006இல் எத்தியோப்பியப் படை துரத்திய அந்த நீதிமன்றக் கூட்டமைப்பின் தலைவரை! இரண்டு வருடச் சாவுக்கு முன்னாலேயே அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியப் படையாக வந்த உகாண்டா, புருண்டி வீரர்கள் காத்த சில பேட்டைகளுக்குள்தான் அவருடைய அரசும் இருந்தது. 2011இல் பஞ்சம் வந்தபோது சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள், பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அல் ஷபாப் தன் பகுதியில் பல உதவி அமைப்புகளைத் தடுத்தது. அரசின் கை அங்கே எட்டவே இல்லை.

அதே மக்கள், அதே மொழி, வடக்கே சோமாலிலாந்து. 1991இல் தனிநாடு என்று அறிவித்துக்கொண்டார்கள். 1993இல் போராமா ஊரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். வெளிநாட்டுப் படை எதுவும் வந்து யாரையும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. பெர்பெரா துறைமுகச் சுங்கம்தான் முக்கிய வருமானம், அதைக் கொண்டே ஆயுதக் குழுக்களைப் போலீசாக்கிச் சம்பளம் கொடுத்தார்கள். நடுவில் சண்டையும் வந்தது, குறையும் நிறைய உண்டு. ஆனாலும் நின்றது. குணம் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

மொகதிசுவிலும் ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் நகரை விட்டுப் போனது, 2012இல் புது அரசியல் சாசனத்தோடு கூட்டாட்சி அரசு வந்தது. 2017 அக்டோபர் 14 லாரி குண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்த அன்றும் அந்த அரசு கலையவில்லை. அன்று பையனுக்குப் போன் போட்டுப் போட்டு மூன்றாம் நாள்தான் கிடைத்தான். வீட்டில் எல்லோரும் உயிரோடிருந்தார்கள், கடையில் வேலை பார்த்த பையன் போய்விட்டான்.

2022 மே மாதம் ஹசன் ஷேக் முகமது மறுபடி ஜனாதிபதியானார். ஓட்டுப் போட்டவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டும். நடந்தது விமான நிலைய வளாகத்துக்குள், ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் காவலில். அன்று இரவு பையன் செய்தி அனுப்பியிருந்தான். இந்தத் தடவை சிப்பாய்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதாம், அப்பா கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறாராம். கடைக்கு இன்னும் இரண்டு பேரும் வசூலுக்கு வருகிறார்களா என்று கேட்டேன். வருகிறார்கள் அங்கிள், என்றான்.